வேலியோரத்துச் செம்புக் கம்பி

இதை அறுபதை எட்டிப் பிடிக்கப்போகிறவர்கள் மட்டும் படித்தால் போதும். மற்றவர்களுக்கு அந்தப் பெரிய புயலைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிடும். ஊரில் ஒரு தென்னை மிஞ்சாமல் முறிந்து, கூரையெல்லாம் பறந்து, விடிந்து பார்த்தால் பள்ளிவாசல் படியில் நின்றே கடல் தெரிந்ததே, அந்தப் புயல். அது அடித்த நேரம் நான் கட்டிலுக்குக் கீழே உம்மாவின் சேலைக்குள் கிடந்தேன். அதற்குப் பிறகு வந்த மூன்று மாதம்தான் என் நெஞ்சுக்குள் இன்னும் கிடக்கிறது.

இப்போது ஏன் இந்தக் கதை என்று கேட்பீர்கள். போன கிழமை எங்கள் ஒழுங்கைக்குள் பழைய இரும்பு வாங்கும் ஓட்டோ வந்தது. பதிவு செய்த குரல் ஒன்று பித்தளை, செம்பு, பெற்றறி, வயர் என்று பாட்டுப் படித்துக்கொண்டே வந்தது. என் மகள் பழைய மின்விசிறியையும் ஒரு சுருள் வயரையும் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள். நான் அடுப்படியிலிருந்து ஓடிவந்து, "அது ஆர்ட வயர்?" என்று கத்திவிட்டேன்.

"நம்மட வயர்தான் உம்மா. உங்களுக்கு என்ன நடந்த?" என்றாள் மகள்.

விறாந்தைக் கதிரையில் இருந்த என் மூத்த சகோதரி, எங்கள் ராத்தா, சிரித்தாள். "அவக்கு வயரக் கண்டாப் பயம். சின்னதுலயே அப்புடித்தான்." ஏன் பயம் என்பது அவளுக்குத் தெரியாது. அறுபத்தைந்து வயதுவரை தெரியாமலே இருந்துவிட்டாள்.

அந்த வருடம் எனக்குப் பத்து வயது, ராத்தாவுக்குப் பதினெட்டு. நபி பிறந்த மௌலூது மாதத்தில் அவளுக்குக் கலியாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். நம் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார், வீடு பெண்ணுக்குரியது. பெண்ணைப் பெற்றவனுக்கு வீடு கட்டி முடிக்கும்வரை முதுகு நிமிராது. எங்கள் வாப்பா கரைவலைக்காரர். எட்டு வருடம் கல் கல்லாகச் சேர்த்து எங்கள் வளவிலேயே ராத்தாவுக்கு இரண்டு அறை வீடு ஒன்றைக் கட்டி, ஓடும் போட்டுவிட்டிருந்தார். புயல் வந்து கூரையை மரத்தோடு தூக்கிக்கொண்டு போய்விட்டது. வலையும் போயிற்று. வாப்பா சுவரைத் தடவிக்கொண்டு நின்றார். சுவருக்குள் மழைத்தண்ணீர் முழங்கால் உயரத்துக்கு நின்றது.

மாப்பிள்ளையின் உம்மா பத்தாம் நாளே வந்துவிட்டா. வந்து, அண்ணாந்து பார்த்து, "கூரையில்லாத வீட்டுக்க என்ட மகன் வந்து நட்சத்திரம் எண்ணயா மச்சி?" என்று கேட்டா. உம்மா தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றா. "மௌலூதுக்குள்ள கூரை வந்திரும்" என்று வாப்பா சொன்னார். எதைக் கொண்டு என்று அவர் சொல்லவில்லை.

பெரிய ரோட்டில் தந்திக் கம்பிகளும் கரண்டுக் கம்பிகளும் தூணோடு சாய்ந்து கிடந்தன. முதலில் எல்லாரும் தாண்டித் தாண்டிப் போனார்கள். பிறகு ஒருவர் ஒரு முழம் வெட்டினார். பிறகு ஊரே வெட்டியது. வாப்பா பிந்தித்தான் போனார். ஆனால் போனவர் கைப்பிடித் தடிப்பமுள்ள ஒரு கேபிளை, பாம்பு பிடித்தவர் மாதிரிச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். நாலைந்து நாள் இப்படி வந்தது.

அதை உரிப்பது எங்கள் வேலை. முதல் நாள் வாப்பா நெருப்பில் போட்டார். கறுத்த புகை எழும்பி மூன்று வளவு தாண்டிப் போயிற்று. உம்மா இருமி இருமி நெருப்பில் தண்ணீரை ஊற்றிவிட்டா. அதற்குப் பிறகு எரிக்கவில்லை. சுடுமணலில் கேபிளைக் காயப் போட்டு, மேல்தோல் இளகியதும் ஒரு நுனியைத் தென்னங்குற்றியில் கட்டி இழுத்துப் பிடித்து, மீன் வெட்டும் கத்தியால் நீளத்துக்குக் கீறுவோம். உள்ளே ஈயத்தால் ஒரு உறை இருந்தது. அதற்குள் எண்ணெய் ஊறிய கடதாசி. கடதாசிக்குள் நூல் நூலாகச் செம்பு. ஈயத்தை வாப்பா தனியாக எடுத்து உருக்கி, வலைக்குக் கட்டும் குண்டாக வார்த்துக் கரைவலைக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டார். செம்பு மட்டும் சேர்ந்தது. பசாரில் பழைய இரும்புக் கடைக்காரர், கொண்டு வந்தால் ஒரு கூரைக்குத் தகரம் வாங்கலாம் என்று சொல்லியிருந்தார்.

மெல்லிய வயர்களை நான் பல்லால் உரிப்பேன். உம்மா கண்டால் வாயில் ஒன்று விழும். சிவப்பு, பச்சை, வெள்ளை என்று கடைசியில் கிடைத்த சின்ன வயர்களை உரிக்காமல் எடுத்து, மூன்றைப் பின்னி எனக்கொரு காப்புச் செய்தேன். அப்படி ஒரு வடிவான காப்பு இந்தக் கைக்கு அதற்குப் பிறகு வரவில்லை, தங்கம் போட்ட நாளிலும்கூட.

ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு ஜீப் வந்தது. பெரிய ரோட்டால் மெல்ல ஊர்ந்துகொண்டு, ஒலிபெருக்கியில் சொன்னார்கள்: அரசாங்கக் கம்பி வைத்திருப்பவர்கள் மூன்று நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்காதவர்களின் வீடுகள் சோதிக்கப்படும்.

"கொண்டு குடுத்திருவமே" என்றா உம்மா.

"குடுத்தா, ஈயம் எங்க எண்டு கேப்பானுகள். ஈயம் இப்ப கடலுக்க கிடக்கு. அதக் காட்டச் சொன்னா நான் முங்கிப் போய் எடுக்கயா?" என்றார் வாப்பா. "இவள்ட கலியாண நேரம் நான் உள்ளுக்குப் போனா, கூரை இல்லாட்டியும் பரவால்ல, ஒரு கோழிகூட இந்த வீட்டுப் பக்கம் வராது."

எனக்குப் பயம் தொடங்கியது அன்றைக்குத்தான். குர்ஆன் ஓதப்போன இடத்தில் காப்பைக் கண்டு யாரோ, "இது தந்திக் கம்பியல்லவா" என்றார்கள். வரும் வழியிலேயே அதைக் கழற்றி எங்கள் கிணற்றுக்குள் போட்டேன். போட்ட பிறகுதான் பயம் கூடிற்று. உம்மா வாளியை இழுக்கும்போதெல்லாம், சிவப்பும் பச்சையுமாக அது ஏறி வந்துவிடும் என்று கண்ணை மூடிக்கொள்வேன். ராத்தா கேட்டாள்: "என்னகா, கிணத்துக்க ஜின்னா இரிக்கி?" நான் ஓம் என்றேன். அவள் இரண்டு நாள் தனியாகத் தண்ணீர் அள்ளப் போகவில்லை.

செம்பை எங்கே ஒளிப்பது? வளவு மணலை முதலில் கிண்டுவார்கள். வாப்பா ஒரு நாள் முழுக்க யோசித்தார். பிறகு, ஊரில் இறந்தவர்களை அடக்கும் மையவாடியைப் பற்றி உம்மாவிடம் சொன்னதை நான் பாயில் படுத்தபடி கேட்டேன்.

"மையவாடியில வைப்பம். கபுற ஒருத்தனும் தோண்டமாட்டான்."

"அஸ்தக்ஃபிருல்லாஹ்! உங்களுக்குப் புத்தி கித்தி பிசகிட்டா?"

"மையத்துகள் ஆளப் புடிச்சுக் குடுக்காதுகள். இந்தச் சோதனை முடிஞ்ச உடன எடுத்திருவன்."

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை என்று பார்த்து வைத்தார். ஜும்ஆ நேரம் ஊரின் ஆண்கள் எல்லாரும் பள்ளிக்குள் இருப்பார்கள். பெண்கள் வீட்டுக்குள் ளுஹர் தொழுவார்கள். தெருவில் ஒரு நாய் படுத்திருக்கும், அவ்வளவுதான். வாப்பா குளித்து, வெள்ளைச் சாரம் உடுத்து, தொப்பியும் போட்டுக்கொண்டு ஜும்ஆவுக்குப் போகிறவர் மாதிரியே புறப்பட்டார். செம்பை உம்மாவின் பழைய வெள்ளைச் சீலையில் சுற்றியிருந்தார். யாரும் கண்டால் கைப்பிள்ளை மையத்து என்று நினைக்கட்டும் என்று, ஐந்தாறு மாதப் பிள்ளையின் அளவுக்குக் கட்டி, இரண்டு கையிலும் ஏந்தினார். எடை மட்டும் பிள்ளையின் எடை இல்லை. அவருடைய கழுத்து நரம்பு புடைத்திருந்தது. நான் குடை பிடித்துக்கொண்டு கூடப் போனேன்.

கடற்கரை மையவாடியில் புயல் ஒன்றையும் மிச்சம் வைத்திருக்கவில்லை. கடல் ஏறி மணலைப் பரப்பி, கபுறுகளெல்லாம் ஒரே வெளியாகக் கிடந்தன. மீசான் கட்டைகளை, அதுதான் கபுறின் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் நடுகிற கட்டைகளை, கடல் கொண்டுபோயிருந்தது. தெற்கு வேலியோரம் ஒரு பூவரசு வேரோடு சாய்ந்து கிடந்தது. அதை அடையாளம் வைத்து, பக்கத்தில் வாப்பா தோண்டினார். பொதியை இறக்கினார். மண்ணை மூடி, சின்னக் கபுறு மாதிரி மேடாக அணைத்து, கொண்டுபோன இரண்டு கட்டையையும் நட்டார்.

"வாப்பா, துஆ ஓதணுமா?" என்று கேட்டேன்.

"வாய மூடு" என்றார். அவருக்கு வியர்த்து ஊற்றியது. பள்ளியில் குத்பாப் பிரசங்கம் நடந்துகொண்டிருந்தது. அவர் ஜும்ஆவைத் தவறவிட்டு நான் கண்டது அதுதான் முதல் தடவை.

இனி, அந்த ஜீப். அது எங்கள் ஒழுங்கைக்குள் ஒருநாளும் வரவில்லை. யாருடைய வீட்டையும் சோதிக்கவும் இல்லை. அறிவித்துவிட்டுப் போனவர்கள் வேறு வேலை பார்க்கப் போய்விட்டார்கள் போலிருக்கிறது. புதுத் தூணும் புதுக் கம்பியும் வந்தன. இதை அன்றைக்கு யார் கண்டது? ஒரு லொறி சத்தம் கேட்டாலும் வாப்பா சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு எழும்புவார். ஒரு மாதம் அப்படிப் போயிற்று. எங்கள் மூன்று பேருக்கும் கன்னம் ஒட்டிப்போனது. ராத்தா மட்டும், செம்பை ஒப்படைத்தாயிற்று என்று நினைத்திருந்தாள்; ஒளித்தது அவளுக்குத் தெரியாது. கலியாணப் பெண்ணுக்குத் தெரியக்கூடாது என்று உம்மா சத்தியம் வாங்கியிருந்தா.

மையவாடித் தெற்கு வேலிக்கு எதிரே, ஒழுங்கைக்கு அந்தப் பக்கம், பன்பாய் இழைக்கும் ஒரு மாமி இருந்தா. அவவுடைய பிள்ளை, ஐந்து மாதப் பிள்ளை, புயலுக்கு முந்திய மாதம் காய்ச்சலில் மௌத்தாகிவிட்டது. புயலில் புருஷனும் போனார். கடலுக்குப் போனவருடைய மையத்து ஒலுவில் ஊர்க் கரையில் ஒதுங்கி, அங்கேயே அடக்கிவிட்டார்கள். மாமி இத்தாவில் இருந்தா. புருஷன் போன பெண் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள்ளேயே இருக்கவேண்டும், அந்நிய ஆணின் கண்ணில் படக்கூடாது.

உம்மா அவவுக்கு அரிசி கொண்டு போனா, நானும் போனேன். இருட்டு அறைக்குள் வெள்ளைச் சேலையோடு இருந்த மாமி உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டா. அவவின் முகத்தில் சந்தோஷம் இருந்தது. எனக்கு அது விளங்கவில்லை.

"என்ட புள்ளைட கபுறு கிடைச்சிட்டு. பூவரச மரத்தடியில, வேலியோரம்தான் அடக்கின எண்டு அவர் சொன்னவர். புயலுக்குப் பொறகு எல்லா மண்ணும் ஒரே மண்ணாப் போச்சே எண்டு அழுதுக்கிட்டு இருந்தன். பாருங்க, ஆரோ அல்லாஹ்வுக்குப் பயந்த மனுசன் கண்டுபுடிச்சு மண் அணைச்சு மீசானும் நட்டிரிக்கான்." சுவராகக் கட்டியிருந்த தென்னோலைக் கிடுகின் இடுக்கைக் காட்டினா. "இதால பாத்துக்கிட்டே இரிப்பன். அதுதான் எனக்கு இப்ப சோறும் தண்ணியும்."

உம்மா அரிசிப் பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தா. வீட்டுக்கு வந்ததும் வாப்பாவிடம் சொன்னா.

"நல்லாத்தான் மாட்டிக்கிட்டம்" என்றார் வாப்பா, கேட்டுவிட்டு. பிறகு, "அவ பாக்காத நேரம் எடுத்திருவன். மேட்டத் திரும்ப அணைச்சு விட்டா அவவுக்கு என்ன குறை?" என்றார். எனக்கு அது சரியாகத்தான் பட்டது. உம்மாவுக்கும் சரியாகத்தான் பட்டது. ஆனால் கிடுகு இடுக்கால் பார்த்துக்கொண்டே இருக்கிறவ எப்போது பார்க்காமல் இருப்பா? மௌலூதுக்கு மூன்று கிழமைதான் இருந்தது. மாப்பிள்ளையின் உம்மா ஆளனுப்பிக் கேட்டுவிட்டா. இரும்புக் கடைக்காரரும் அவசரப்படுத்தினார்.

ஜும்ஆ நேரம் மாமி தொழுவா. அந்த நேரத்தைத்தான் வாப்பா மறுபடியும் எடுத்தார். "நீ ஆட்டப் புடிச்சுக்கிட்டு ஒழுங்கையில நில்லு. ஆரும் வந்தா ஆட்டுக்கு ஏசிச் சத்தம் போடு. நான் மரத்துக்குப் பின்னால பதுங்கிருவன். ஆள் போன உடன தோண்டலாம்." இதுதான் என் வேலை. மூன்று தரம் சொல்லிக் கேட்டுத்தான் விட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை மையவாடிக்குள் வாப்பா மண்வெட்டியை எடுத்தார். நான் ஆட்டுக்கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றேன். அப்போது மாமியின் வீட்டுப் படலை திறந்தது. ஆண்கள் இல்லாத நேரம் என்று அவவும் அந்த நேரத்தைத்தான் பார்த்து வைத்திருக்கிறா. முக்காட்டை மூக்குவரை இழுத்து, இரண்டு பக்கமும் பார்த்து, கையில் ஒரு தகரப் பேணியில் தண்ணீரோடு வந்தா. தண்ணீர் சிந்தாமல் இருக்க வேண்டுமென்று பேணியைப் பார்த்தபடியே வந்தா. என்னிடமிருந்து இருபது முப்பது அடி இருக்கும். சத்தம் போட நேரம் இருந்தது. நன்றாகவே இருந்தது.

நான் சத்தம் போடவில்லை.

ஏன் என்று இத்தனை வருடமாகக் கேட்டுப் பார்த்துவிட்டேன். இரக்கமா, பயமா, வாய் வரவில்லையா, இந்த ஒளிப்பும் மறைப்பும் எப்படியாவது முடிந்தால் போதுமென்று நினைத்தேனா, அல்லாஹ்தான் அறிவான். ஆடு என் காலடியில் புல்லைத் தின்றுகொண்டிருந்தது. மாமி வேலியடிக்கு வந்துவிட்டா.

வேலிக்கு உள்ளே மண்வெட்டியோடு வாப்பா. வெளியே பேணியோடு மாமி. அவர் ஜும்ஆவில் இல்லை. அவ இத்தாவில் வெளியே வந்திருக்கிறா. ஒருவர் மற்றவரைக் காட்டிக்கொடுக்க ஏலாது. மாமி சட்டென்று திரும்பி நின்று, முகத்தை மறைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டா. அந்நிய ஆணோடு நேரே கதைக்கக்கூடாதே.

"மகள், உன்ட வாப்பாவா இதச் செஞ்ச? கேளு."

நான் வாப்பாவைப் பார்த்தேன். கேட்கத் தேவையில்லை, அவருக்குக் கேட்டிருந்தது. அவர் மண்வெட்டியைப் பார்த்தார். கபுறைப் பார்த்தார். பிறகு, "ஓம் எண்டு சொல்லு" என்றார்.

மாமி அழுதா. சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்கியது. பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஒரு குறை சொன்னாக் கோவிக்க வேணாமெண்டு சொல்லு" என்றா. "ரெண்டு மீசான்தான் நட்டிரிக்கி. ஆம்புளைக்குத்தான் ரெண்டு. இது பொம்புளப் புள்ள மகள். மூண்டு வேணும்."

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும்தானே. ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு மூன்று. வாப்பா அங்கேயே சப்பாணி கட்டி இருந்துவிட்டார். கொஞ்ச நேரம் மணலை அள்ளி அள்ளி விட்டார்.

"இண்டைக்கே நட்டுத்தாறன் எண்டு சொல்லு" என்றார். மாமி வேலிக்கு மேலாகப் பேணித் தண்ணீரை ஊற்றினா. காய்ந்த மணல் அதைக் குடித்துக்கொண்டது.

வீட்டில் பூகம்பம்தான். "அதுக்குள்ள கிடக்கிறது கம்பி! கம்பிக்கு மூண்டாவது மீசானா? உங்கட மகள நினைச்சிங்களா?" என்று உம்மா தலையில் அடித்துக்கொண்டா. பின்னேரம் எடுக்கலாம், நாளைக்கு எடுக்கலாம், அவ இத்தா முடிந்து உறவுக்காரர்களிடம் போன பிறகு எடுக்கலாம் என்று உம்மா ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தா.

"அது இனிக் கபுறு" என்றார் வாப்பா. "நான் ஓம் எண்டு சொல்லிட்டன். கபுறத் தோண்ட என்னால ஏலா." ஏன் சத்தம் போடவில்லை என்று அவர் என்னிடம் கேட்கவே இல்லை. ஒரு அறை விட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

கலியாணம் முறிந்தது. ராத்தாவின் வீட்டுக்கு வாப்பா கிடுகு வேய்ந்து பார்த்தார். மாப்பிள்ளை வீட்டார் அதைப் பார்க்கவும் வரவில்லை. மூன்று வருடம் கழித்து வரிப்பத்தான்சேனையில் வயல் செய்யும் ஒருவர், பெண்சாதி மௌத்தாகி இரண்டு பிள்ளையோடு இருந்தவர், வீடு வேண்டாம், பெண் வந்தால் போதும் என்றார். ஊரில் எல்லாப் பெண்களின் வீட்டுக்கும் மாப்பிள்ளை வந்தார். எங்கள் ராத்தா மட்டும் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போனாள். அந்த வெட்கம் அவளுக்கு ஆறவே இல்லை. எனக்கு வயது வந்தபோது வாப்பாவிடம் வலையும் வள்ளமும் இருந்தன. அதே சுவரில் ஓடு போட்டு எனக்குத் தந்தார். இப்போது நான் இருப்பது அந்த வீட்டில்தான்.

பாய் மாமி கடைசிவரைக்கும் வேலியடிக்கு வந்தா. அவ மௌத்தான பிறகு கடல் வந்தது. மையவாடியில் பாதியைக் கொண்டு போயிற்று. வாப்பாவும் இல்லை, உம்மாவும் இல்லை. விஷயம் என்னிடம் மட்டும் மிஞ்சியது. ராத்தா புருஷனை அடக்கிவிட்டு என்னோடு வந்து சேர்ந்து ஆறு வருடம். நல்ல மனநிலையில் இருந்தாலும் ஒரு தரமாவது சொல்லிவிடுவாள்: "எங்கட வாப்பா நல்லவர்தான். கையாலாகாத மனுசன். ஒரு கூரைக்கு வக்கில்லாமப் போச்சு." நான் தேத்தண்ணி ஊற்றப் போய்விடுவேன்.

போன கிழமை, ஓட்டோ போன பிறகு, அவள் அதையே மறுபடியும் சொன்னாள். எனக்கு என்ன வந்ததோ, சொல்லிவிட்டேன். செம்பு, வெள்ளைச் சீலை, மாமி, ஆடு, நான் சத்தம் போடாமல் நின்றது எல்லாவற்றையும். இந்த வயதில் வீட்டைவிட்டுக் கோபித்துக்கொண்டு போய்விடுவாளோ என்று பயமாக இருந்தது.

"நீ ஒரு சத்தம் போட்டிருந்தா எனக்குக் கூரை வந்திரிக்கும்" என்றாள்.

"ஓம் ராத்தா."

ராத்தா முந்தானையின் நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

"அந்த மூண்டாவது கட்டை எங்கால வந்த எண்டு தெரியுமா உனக்கு?"

தெரியாது என்றேன். உண்மையாகவே தெரியாது.

"என்ட வீட்டு வாசல் நிலையில அறுத்த. நல்ல முதிரை மரம். வாப்பா அறுக்க, மற்றப் பக்கத்த நான்தான் புடிச்சுக்கிட்டு இருந்தன். ஏன் வாப்பா என்ட நிலைய அறுக்கிறீங்க எண்டு கேட்டன். ஒரு பொம்புளப் புள்ளைட கபுறுக்கு எண்டார். அழுதுக்கிட்டுத்தான் அறுத்தார். ஆரோ ஒரு ஏழைப் புள்ளைக்கு இப்படி அழுறாரே எண்டு நினைச்சன்."

என் முகத்தைப் பார்த்தாள்.

"அதுக்க கிடந்தது என்ட கலியாணம்தானே. மனுசன் பொய் சொல்லல்லடி."